முட்டைகூடத் தொடாத குழந்தைக்குச் சால்மோனெல்லா: கோழிக்குஞ்சிலிருந்து வருமா?

தென்னந்தோப்பு வீடு, கொழிஞ்சாம்பாறை:

சென்ற மாதம் சைக்கிளில் வந்த வியாபாரியிடம், பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளை என் மாமியார் பேத்திக்காக வாங்கினார்கள். குளிர் தாங்காது என்பதால் அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டுச் சமையலறை மூலையிலேயே வைத்திருந்தோம். மூன்று வயது மகள் அவற்றைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டே இருப்பாள். பிறகு அவளுக்குக் காய்ச்சலும், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வந்தன. மலத்தை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியதில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாக் கிருமி என்று முடிவு வந்திருக்கிறது.

அவள் முட்டையோ இறைச்சியோ சாப்பிடுவதில்லை. குஞ்சுகளில் ஒன்றுகூடச் சோர்ந்து நிற்கவில்லை. நோயே இல்லாத குஞ்சிடமிருந்து நோய் எப்படி வரும் என்று மாமியார் கேட்கிறார்கள். முற்றத்தில் பஞ்சாரம் போட்டு வளர்க்கும் நாட்டுக்கோழிகளும் எங்களிடம் உண்டு. கோழிகளுக்கு மருந்து கொடுத்தால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், சித்தூர்:

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. குழப்பம் தொடங்குவதே அங்கேதான். வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி தலை தொங்கி நிற்கும், இரண்டு நாளில் செத்தும் போகும், ஆகவே நோய் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். அது ராணிக்கேட் வைரஸ், வேறு சங்கதி. மனிதருக்கு வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா வகைகளோ கோழியின் குடலில் அதற்கு எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருந்து, எச்சத்தோடு வெளியேறி, இறகு, கால், அலகு, தீவனத் தட்டு, கூண்டுக் கம்பி என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தை குஞ்சைத் தொட்ட கையை வாயில் வைத்தால் போதும். முட்டை சாப்பிட வேண்டியதே இல்லை.

அதிலும் குஞ்சுகளிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சாயக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று கழிக்கும் சேவல் குஞ்சுகள். குடல் இன்னும் உறுதிப்படாத வயதில், நெருக்கியடித்த பெட்டியில், வெயிலில் பயணம் செய்து வருவதால் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கிருமி எளிதில் பரவும். அமெரிக்காவில் வீட்டுக்கோழி, வாத்துகளோடு பழகியதால் ஆண்டுதோறும் இந்தத் தொற்று வருகிறது. வீடடங்கு காலத்தில் பலர் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கிய 2020இல் மட்டும் 1,722 பேருக்கு வந்ததாக அங்கே பதிவாகியிருக்கிறது.

மருந்து கொடுக்காதீர்கள். தண்ணீரில் ஆன்டிபயாடிக் பொடியைக் கலந்து வைத்தால் கிருமி முழுதாகப் போகாது. மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். இந்தக் கவலையால்தான் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் பயன்படுத்த 2019இல் நம் நாட்டில் தடை வந்தது. நாட்டுக்கோழிகளை விற்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியை இன்றே சமையலறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். ஐந்து வயது ஆகும்வரை குழந்தை குஞ்சுகளைத் தூரத்திலிருந்து பார்க்கட்டும், தொட வேண்டாம்.

செவிலியர், வண்ணாமடை:

பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலையும், மருத்துவர் எழுதியிருந்தால் துத்தநாக மாத்திரையையும் விடாமல் கொடுங்கள். பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஏழு நாட்களில் ஆன்டிபயாடிக் இல்லாமலே சரியாகிவிடும். கைக்குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் விஷயத்தில் மட்டும் கிருமி இரத்தத்தில் கலக்கும் ஆபத்து அதிகம் என்பதால் மருத்துவர் முடிவு செய்வார். சிறுநீர் குறைந்தாலோ, கண் குழிந்தாலோ, காய்ச்சல் இறங்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சில வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறலாம்; ஆகவே பிள்ளைக்குக் கால் கழுவிவிடுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவியபின்தான் அடுப்பங்கரைக்குள் வர வேண்டும்.

டைபாய்டும் சால்மோனெல்லா குடும்பம்தான், ஆனால் அது மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. கோழியால் டைபாய்டு வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோபாலபுரம் விவசாயி:

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோழிகள் திண்ணையிலும் நடுவீட்டிலும் திரிந்தன, யாருக்கும் ஒன்றும் வரவில்லை. இதெல்லாம் சற்று மிகையாகத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், சித்தூர்:

வயிற்றுப்போக்கு வந்திருக்கும் ஐயா, மலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். சூட்டு வயிறு என்று மோர் கொடுத்து முடித்திருப்பார்கள்.

தென்னந்தோப்பு வீடு, கொழிஞ்சாம்பாறை:

மிக்க நன்றி ஐயா, நன்றி சகோதரி. பெட்டியைத் தோப்புக் கொட்டகைக்கு மாற்றிவிட்டோம். அந்த மூலையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினால் போதுமா? எச்சம் பட்ட முட்டைகளைத் தண்ணீரில் கழுவி வைப்பது எங்கள் வழக்கம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், சித்தூர்:

முதலில் காய்ந்த எச்சத்தைச் சோப்பு நீரால் தேய்த்து எடுங்கள், பிறகு பிளீச்சிங். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவாதீர்கள், ஓட்டிலுள்ள நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போகக்கூடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், விரிசல் விட்டதை எறிந்துவிடுங்கள். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். தீவனத் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் வெளிக்குழாயில் கழுவுங்கள்.

தென்னந்தோப்பு வீடு, கொழிஞ்சாம்பாறை:

வெளிக்குழாய்த் தண்ணீர் கிணற்றடிக்குத்தான் ஓடுகிறது. தென்னம் பாத்திப் பக்கம் வாய்க்கால் வெட்டிவிடச் சொல்கிறேன்.