ஃபீசிஸ் என்றால் வண்டலா?

கேள்வி: லேப் ரிப்போர்ட்டுகளை மொழிபெயர்க்கிறேன். 'ஃபீசிஸ்' வந்தால் கை தானாக 'மலம்' என்று தட்டிவிடும். பழைய அகராதியில் முதல் பொருளே 'வண்டல்' என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில் 1: பிழையில்லை. லத்தீனில் 'ஃபைக்ஸ்' என்றால் ஒயின் ஜாடியின் அடியில் தங்கும் கசடு. அதன் பன்மைதான் இது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதிலும் வண்டல்தான். 17ஆம் நூற்றாண்டில்தான் கழிவறைப் பக்கம் ஒதுங்கியது. மலம் கழிப்பதைக் குறிக்கும் 'டெஃபகேட்' இன்னும் வேடிக்கை. கசடு நீக்கித் தெளிய வைப்பது என்பதே அதன் பழைய பொருள்.

பதில் 2: நம் 'மலம்' மட்டும் என்னவாம்? வடமொழியில் அழுக்கு என்ற பொதுச்சொல்தான். நிர்மலா என்றால் அழுக்கற்றவள்.

கேட்டவர்: சரிதான். எங்கள் மேலாளர் பெயரே விமலாங்க. அப்புறம் அவரிடம் இதைச் சொல்லவா வேண்டாமா?