5 சதவீத மணலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

உலைக்கோல்: நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "சுழற்சி எரிப்புக்கு நிக்கல் ஆக்சைடுதான் சரி, இல்மனைட் ஏழைக்கு வாய்த்த கறுப்பு மணல்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சுழற்சி எரிப்பு என்றால் எரிபொருளுக்குக் காற்றை நேரே கொடுக்காமல், ஆக்சிஜனை ஓர் உலோக ஆக்சைடுத் தூளில் (அதுதான் சுமப்பி) ஏற்றி, இரண்டு உலைகளுக்கிடையே சுற்றவிட்டு எரிப்பது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் 1 மெகாவாட் உலையில் நிலக்கரியை எரித்தபோது ஆக்சிஜனைச் சுமந்தது எது? இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த அந்த இல்மனைட் கனிமம்தான். எழுதியவர் வந்து பதில் சொல்லட்டும்.

நிக்கல்நேசன்: நான்தான் எழுதினேன். நிக்கல் ஆக்சைடு தன் எடையில் 21 சதவீத ஆக்சிஜனைக் கொடுக்கும். இல்மனைட் 5. பள்ளிக்கூடக் கணக்கு. 2003-இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் 10 கிலோவாட் உலை 100 மணி நேரம் ஓடியது நிக்கலில்தான். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

உலைக்கோல்: அங்கே எரிந்தது இயற்கை வாயு. சாம்பல் கிடையாது. நிலக்கரியைப் போட்டுப் பாருங்கள், கந்தகம் நிக்கலைச் சல்பைடாக்கிக் கெடுக்கும். சாம்பலை வெளியேற்றும்போது சுமப்பியும் கொஞ்சம் சேர்ந்து போகும். விலையுயர்ந்த, புற்றுநோய் உண்டாக்கும் தூளை எங்கே கொட்டுவீர்கள்? போதாததற்கு அந்த 21 சுத்த நிக்கல் ஆக்சைடுக்கு. துகள்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அலுமினா போன்றவற்றோடு சேர்த்துத்தான் போடுகிறார்கள். 40 சதவீதம் நிக்கல் ஆக்சைடு என்றால் உங்கள் 21 எட்டரையாகச் சுருங்கிவிடும், தம்பி.

நிக்கல்நேசன்: எட்டரையும் ஐந்தைவிடப் பெரியதுதான். யாருக்கு யார் தம்பி?

கரையோரத்தான்: இல்மனைட் என்றாலே நார்வேயின் டெல்னஸ் சுரங்கத்தைத்தான் எல்லோரும் பாடுகிறீர்கள். எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பது கண்ணில் படவில்லையா?

திருமலைவாசி: புல்மோட்டையும்தான். ஆனால் இலங்கை என்றால் உங்கள் யாருக்கும் நினைவு வராது, வழக்கம்போல.

உலைக்கோல்: ஊர்ப் பெருமை உலையில் எரியாது. கடற்கரை இல்மனைட் நெடுங்காலம் நீரிலும் காற்றிலும் சிதைந்து இரும்பை இழந்தது. டைட்டானியத்தின் பங்கு கூடியது. டைட்டானியத்திலிருந்து நிறமி செய்யும் ஆலைக்கு அது வரம். நமக்கோ ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு.

கரையோரத்தான்: ஆக எங்கள் மணல் மட்டம்! லித்தியம் பற்றிய விவாதத்திலும் இதே அலட்சியம்தான் காட்டினீர்கள். மறக்கவில்லை.

நிக்கல்நேசன்: 21-க்குப் பதில் வரவில்லை. இல்மனைட்டை நான்கு மடங்கு சுற்றவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

உலைக்கோல்: எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதை ஆக்சிஜன் மட்டும் தீர்மானிப்பதில்லை ஐயா, வெப்பமும் தீர்மானிக்கிறது. துகள் காற்று உலையில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு எரிபொருள் உலையில் இறக்குகிறது. நைட்ரஜன் கலக்காமல் கரியமில வாயு தனியே கிடைக்கிறது. நிக்கல் மீத்தேனோடு வினைபுரியும்போது எரிபொருள் உலையில் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. காற்று உலையிலிருந்து வரும் சூடான துகள்கள்தான் அதை ஈடுகட்ட வேண்டும். இருப்பதையெல்லாம் ஒரே சுற்றில் கறந்தால் உலை குளிர்ந்துவிடும். எனவே நிக்கலையும் ஏராளமாகச் சுற்றவிட்டே ஆக வேண்டும். அண்டா பெரிது என்று பெருமை, அதில் தூக்கிவருவதோ கால்வாசி.

வழிப்போக்கன்: செம்பு ஆக்சைடு சூட்டில் தானாகவே ஆக்சிஜனை விடுமே? அதை யாரும்...

உலைக்கோல்: செம்பு 1085 பாகையில் உருகும். உலை அதற்கு அருகில்தான் ஓடுகிறது. நிக்கலுக்கு வருவோம்.

நிக்கல்நேசன்: வாருங்கள். இல்மனைட் உலைகளில் வாயு முழுதாக எரியாமல் வெளியேறுகிறது, கடைசியில் தூய ஆக்சிஜனை ஊட்ட வேண்டியிருக்கிறது. இதை ஏன் சொல்லவில்லை? 5 சதவீதத்தின் லட்சணம் அது.

உலைக்கோல்: நிக்கல் மட்டும் முழுதாக எரித்துவிடுமா? கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மிஞ்சியே தீரும். வெப்ப இயக்கவியல் விதி அது. சால்மர்ஸில் 12 மெகாவாட் கொதிகலனில் மணலுக்குப் பதில் இல்மனைட்டைக் கொட்டி மரச் சில்லுகளை எரித்தார்கள். அங்கே நிக்கலைக் கொட்ட எந்த மேலாளர் கையெழுத்திடுவார்?

நிக்கல்நேசன்: அது ஒற்றை உலை. சுழற்சி எரிப்பே அல்ல. பேச்சை மாற்றாதீர்கள், தம்பி.

திருமலைவாசி: புல்மோட்டைக்கு இன்னும் பதில் இல்லை.