மறுமொழி: கிராவல் பைக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். தார்ச்சாலையிலும் கல் கொட்டிய சாலையிலும் ஓட்டுகிற மிதிவண்டியான கிராவல் பைக்குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன். இதுவரை வந்தவை கூழாங்கல் மிதிவண்டி, கரட்டு மிதிவண்டி, முரம்புந்து, சரளை வண்டி, அப்புறம் 'கிராவல் பைக் என்றே விட்டுவிடுங்கள்'. போன ஏப்ரலில் இத்தாலியின் டஸ்கனியில், கியாந்தி மலைப்பக்கம், நான்கு நாள் இந்த வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். அந்தச் சாலைகளை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு சொல்லையும் வைத்துப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கூழாங்கல் எல்லோருக்கும் தெரிந்த சொல், காதுக்கும் இனிமை.

இனிமைதான், ஆனால் கல் வேறு ஐயா. கூழாங்கல் ஆற்றில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய கல். அதைக் கொட்டிச் சாலை போட்டால் ஒன்றின்மேல் ஒன்று நழுவும், சக்கரம் புதையும். இந்தச் சாலைகளுக்குப் பெரும்பாலும் போடுவது உடைத்த கல். அதில் முனையும் பட்டையும் இருப்பதால்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது, சந்துகளில் கல்தூள் இறங்கி அடைத்துக்கொள்கிறது, மேலே வண்டி ஏற ஏற இறுகுகிறது. கியாந்தியில் அது சுண்ணாம்புக் கல், சாலையே வெளுத்துக் கிடக்கும். அந்த ஊர்க்காரர்கள் கல்லின் பெயரைச் சொல்வதே இல்லை, 'ஸ்திராதே பியாங்கே' என்கிறார்கள், வெள்ளைச் சாலைகள். மழை பெய்தால் அந்தத் தூள் குழைந்து வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி சங்கிலியிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும், காய்ந்த பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் கான்சஸில் பிளின்ட் ஹில்ஸ் என்று ஒரு குன்றுப் பகுதி, பெயரிலேயே சக்கிமுக்கிக் கல் இருக்கிறது, அந்தக் கல்லின் விளிம்பு டயரின் பக்கச் சுவரையே கிழித்துவிடும். இவற்றில் எதைக் கூழாங்கல் என்று சொல்வது?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஊர்களுக்குள் நுழைந்ததும் வருகிற கல் தெருவை ஒருவர் 'கூழாங்கல் தெரு' என்று மொழிபெயர்த்திருந்தார். கல்லை நெருக்கிப் பதித்துத் தளம் போடுவதற்கு நமக்கு 'பாவுதல்' என்ற வினை இருக்கிறதே. கியாந்தியில் ராட்டா என்ற ஊர் மலைமுகட்டில் இருக்கிறது, உள்ளே நடுக்காலத்தில் கட்டிய கூரை மூடிய நடைவழி ஒன்று ஊரோரமாகவே போகும். அங்கே தரையில் கிடப்பது கொட்டிய கல் அல்ல, பாவிய கல். கல் பாவிய தெரு என்றால் தீர்ந்தது.

கரட்டு மிதிவண்டி என்பதை மலை மிதிவண்டிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கரடு என்றதும் பாறையும் புதரும் ஏறி இறங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. நாம் பேசுகிற வண்டிக்குப் பெரும்பாலும் அதிர்வு தாங்கி கிடையாது, கைப்பிடி ஆட்டுக்கொம்பு போலக் கீழே வளைந்திருக்கும், டயர் 40 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். தார்ச்சாலையில் பத்து கிலோமீட்டர், மண்ணில் பதினைந்து, கல் பாவிய தெருவில் அரை கிலோமீட்டர், மறுபடி தார் என்று ஒரே நாளில் எல்லாவற்றிலும் இறங்காமல் போவதுதான் அதன் வேலை.

முரம்பு எனக்கு மிகவும் பிடித்த பழஞ்சொல். ஆனால் அது பரற்கல், அதாவது சிறுகல், நிறைந்த மேட்டு நிலம், இயற்கையாக அப்படிக் கிடப்பது. இங்கே இருப்பது யாரோ கல் கொட்டி, ஆண்டுதோறும் குழி அடைத்துக் காப்பாற்றுகிற பாதை.

ஆக மிஞ்சுவது சரளை. லாரிக்காரர்கள் கிராவல் மண் என்கிறார்கள், இலங்கையில் கிரவல் வீதி என்றே எழுதுகிறார்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சரளையும் பேச்சில் உயிரோடு இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? 'சரளை வண்டி' என்று மட்டும் வேண்டாம். தண்ணீர் வண்டி, மணல் வண்டி, குப்பை வண்டி என்று நம் வாய்க்குப் பழகிய வரிசையில் அது போய்ச் சேர்ந்தால், சரளை ஏற்றிப் போகிற வண்டி என்றுதான் கேட்பவர் நினைப்பார். 'சரளை மிதிவண்டி' என்று வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை, மிதிவண்டியில் யாரும் சரளை ஏற்றுவதில்லை.

ஆனால் நான் எழுத வந்த முக்கியமான விஷயம் வேறு. நாம் வண்டிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம், முதலில் பெயர் வேண்டியது ஓட்டத்துக்கு, அதாவது இந்தச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவதற்கு. கியாந்தியில் காயோலே என்ற சிற்றூரில் 1997இல் ஜியன்கார்லோ புரோச்சி என்பவர் 'லெரோயிக்கா' என்ற சவாரியைத் தொடங்கினார். ஊர்ப்புறத்து வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் போய்க்கொண்டிருந்தன, அவற்றைக் காப்பாற்றத்தான் அந்தச் சவாரி. முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்றும் அதில் 1987க்கு முந்திய பழைய ரகப் பந்தய சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும், நம் கிராவல் பைக்குக்கு அங்கே இடமே இல்லை! அதிலிருந்து கிளைத்து 2007இல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயம் வந்தது, சியெனா நகரின் சதுக்கத்தில் போய் முடியும். இங்கிலாந்தில் 1955இலேயே மண்பாதைச் சைக்கிள்காரர்கள் சங்கம் வைத்துவிட்டார்கள். கான்சஸின் எம்போரியாவில் 200 மைல் பந்தயம் தொடங்கியது 2006இல். சைக்கிள் பாகங்கள் செய்கிற ஷிமானோ நிறுவனம் இந்த வகை வண்டிக்கென்றே தனியாகக் கியர்த் தொகுதி வெளியிட்டதோ 2019இல்தான். அதாவது ஓட்டம் பழையது, வண்டிதான் புதிது. வண்டி நாளைக்கு மாறும், டயர் இன்னும் தடிக்கும், பேட்டரி வரும். சரளையில் ஓட்டுவது மாறாது.

அதனால் என் முன்மொழிவு: சரளைச் சவாரி. குதிரைச் சவாரி, சைக்கிள் சவாரி என்று எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். அதற்கு ஏற்ற வண்டி சரளை மிதிவண்டி, டயர் சரளை டயர், பந்தயம் சரளைப் பந்தயம்.

> சவாரி வடக்கிலிருந்து வந்த சொல். ஊர்தல் இருக்க அது எதற்கு?

குதிரை ஊர்ந்தான் என்று பழந்தமிழில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு ஊர்வது எறும்பும் நத்தையும் நெரிசலில் மாட்டிய பேருந்தும். 'சரளையூர்தல்' என்று எழுதினால் படிப்பவர் மனதில் வேகமே வராது. புரோலியோ கோட்டைக்கு ஏறுகிற வெள்ளைச் சாலையில், இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்க, மூச்சு வாங்க மிதித்து மேலே போய், மறுபக்கம் கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது எனக்குள் இருந்தது ஊர்தல் அல்ல. ஓட்டம் என்றும் வைக்கலாம்தான், ஆனால் மாரத்தான் ஓட்டம் என்கிறோமே, காலால் ஓடுவதாகிவிடும்.

அடுத்து, ஒருவர் தமிழ்ச் சொல் கேட்டிருந்த ஊர்ப்புறச் சந்துகள். 'கிராமப்புறப் பாதை' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க வேண்டாம், நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. கொங்குப் பக்கம் இரண்டு வேலிக்கு நடுவே காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, போகிற வண்டித்தடம் இட்டேரி. யாழ்ப்பாணத்தில் வேலிகளுக்கு நடுவே போவது ஒழுங்கை. இங்கிலாந்தின் டெவனில் ஆளுயர வேலிக்கரைகளுக்கு நடுவே, எதிரே ஒரு கார் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டிய அந்தப் பாதைகளுக்கு இட்டேரியைவிடப் பொருந்துகிற சொல்லை என்னால் யோசிக்க முடியவில்லை. கியாந்தியில் வேலி குறைவு, திராட்சைத் தோட்டம் அப்படியே சாலை விளிம்பு வரை வந்து நிற்கும், அங்கே வண்டித்தடம் போதும். இரண்டு வட்டாரச் சொல்லையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன், ஒன்றை வைத்து மற்றதை விலக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். இறுகிய மண் சாலையில் குறுக்கே வரி வரியாக மேடும் பள்ளமும் விழும், கடல் மணலில் காற்று போட்ட வரி மாதிரி. ஒரு வேகத்துக்கு மேல் போகிற வண்டியின் சக்கரம் சின்ன மேட்டில் எம்பி, விழுகிற இடத்தில் கல்லைத் தள்ளிக் குவிக்கிறது, அடுத்த சக்கரம் அந்தக் குவியலில் எம்புகிறது, இப்படியே பெருகும். முதல் நாள் வாடகைக் கடையில் டயரைக் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த வரிகளில் இறங்கியதும் பல் அடித்துக்கொண்டது, இரண்டு கிலோமீட்டரில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. ஒரு பண்ணை வாசலில் நிறுத்தி, வால்வை அழுத்தி, கட்டைவிரலால் அமுக்கினால் லேசாக உள்ளே போகிற அளவுக்குக் காற்றை இறக்கினேன். அதற்கப்புறம் டயரே அந்த மேடுகளை விழுங்கிக்கொண்டது. சாலையின் நடுவில் உதிரிக் கல் திட்டாகச் சேர்ந்திருக்கும், கார்ச் சக்கரம் ஓடிய இரண்டு தடங்கள் மட்டும் சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும், அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் பிடிபட்டது.

அந்தக் குறுக்கு வரிகளுக்கு நான் 'அலைமேடு' என்று எழுதிவருகிறேன். ஆனால் குவாரிச் சாலையில் தினமும் லாரி ஓட்டுகிறவர்களும், வன்னிப் பக்கம் கிரவல் வீதியில் போய்வருகிறவர்களும் இதற்கு ஏதோ ஒரு சொல் கட்டாயம் வைத்திருப்பார்கள். குழுமத்தில் யாருக்காவது அவர்களோடு பழக்கம் இருந்தால் கேட்டு எழுதுங்கள். அது கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.