வெளிநாட்டு வாட்ஸ்அப் காலுக்கு மூணு மடங்கு டேட்டாவா? யார் கிளப்பிவிட்டது இதை?

அலைவரிசை
பக்கத்துத் திரியில் தூரத்துமாமா என்பவர் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

//வாட்ஸ்அப்பில் வெளிநாட்டுக்கு ஓசியில் பேசலாம் என்பதெல்லாம் கதை. தூரம் கூடக் கூட டேட்டாவும் கூடும். உள்ளூர் காலைவிட மூணு மடங்கு இழுக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.//

இதற்குக் கீழே "உண்மை ஐயா", "நல்ல தகவல், குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டேன்" என்று வரிசை கட்டி நிற்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கணக்கு இதோ.

குரலைச் சுருக்க ஓபஸ் என்ற கோடெக், அதாவது குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறை. 2012லேயே தரப்படுத்தப்பட்டது. நொடிக்கு 24 கிலோபிட் கொடுத்தால் குரல் தெளிவாக இருக்கும். 20 மில்லிநொடிப் பேச்சுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு சிறு டேட்டாப் பொட்டலம். நொடிக்கு 50. ஒவ்வொன்றின் தலையிலும் அதைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறைகளின் தலைப்புகள்: ஐபி 20, யுடிபி 8, ஆர்டிபி 12, ஆக 40 பைட் முகவரிச் சுமை. அது நொடிக்கு ஒரு 16 கிலோபிட். குரலோடு சேர்த்து மொத்தம் 40 கிலோபிட். மணிக்கு 18 எம்பி போகும், 18 எம்பி வரும். 36 எம்பி. இந்தக் கணக்கில் கிலோமீட்டர் எங்கே வருகிறது? யாராவது காட்டுங்கள்.

தூரத்துமாமா
என் பேரை வெச்சே தனித் திரியா! சந்தோஷம் தம்பி. 36ஆம். என் போன்ல 80 காட்டுது. போன் பொய் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?

தூரமா போற பஸ்ஸுக்கு டீசல் அதிகம் ஆகும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுக்குப் படிப்பு எதுக்கு?

சும்மாசுந்தரி
பஸ் வந்தாச்சு. இனி இந்தத் திரி கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் போகும். நான் ஜன்னல் சீட்.

அலைவரிசை
ஐயா, அந்த பஸ்ஸுக்கு டீசல் போடுவது நீங்கள் இல்லை. உங்கள் போனிலிருந்து கிளம்பும் பாக்கெட் பக்கத்து வீட்டுக்குப் போனாலும், கடலடிக் கேபிளில் கண்டம் தாண்டிப் போனாலும் அதே பைட்தான். உங்கள் மீட்டர் எண்ணுவது உங்கள் போன் வாசலைத் தாண்டியதையும், உள்ளே வந்ததையும் மட்டும். அதற்கு அப்புறம் எவ்வளவு தூரம் போனது என்று அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

தூரத்தால் கூடுவது தாமதம். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டருக்கு 50 மில்லிநொடி. ஒரு பக்கத் தாமதம் 150க்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆக வெளிநாட்டுக் காலில் "ஹலோ ஹலோ" என்று இருவரும் மோதிக்கொள்வதற்குத் தூரத்தைக் குறை சொல்லலாம். எம்பிக்குச் சொல்ல முடியாது. 36.

தூரத்துமாமா
//36//
80.

கட்டெறும்பு
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். அலைவரிசை, உங்க 36 பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4 கணக்கு. இப்போ பல மொபைல் நெட்வொர்க் புது முறையான ஐபிவி6. அதுல ஐபி தலைப்பு மட்டுமே 40 பைட். அதைப் போட்டா 48 கிலோபிட், மணிக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 43 எம்பி. பேச்சை யாரும் ஒட்டுக்கேட்காம பூட்டுற மறையாக்கத்துக்கான சரிபார்ப்பு பைட்டுகளை நீங்க சேர்க்கவே இல்லை.

தூரத்துமாமா
ஆஹா! காலையில 36, மதியம் 43. ராத்திரிக்குள்ள என் 80க்கு வந்து சேர்ந்துடும். காத்திருக்கேன்.

அலைவரிசை
கட்டெறும்பு, 36 என்பது அடிப்படைக் கணக்கு. ஐபிவி6 தனி. இங்கே கேள்வி தூரம். நான் சொன்ன 36 அப்படியே நிற்கிறது.

கட்டெறும்பு
நிக்கலை, நான் இப்பதான் தள்ளிவிட்டேன். இன்னொண்ணு. வாட்ஸ்அப்போட சொந்தக்கார நிறுவனம் மெட்டா 2024ல எம்லோன்னு சொந்தமா ஒரு கோடெக் அறிவிச்சுது, மெதுவான இணைப்புக்காகவே. 6 கிலோபிட்ல ஓபஸைவிட நல்லா கேக்கும்னு சொல்றாங்க. ஆக உங்க 24ங்கிறதே நீங்களா வெச்சுக்கிட்ட எண். செயலி நெட்வொர்க்கைப் பார்த்து அதை ஏத்தி இறக்கிக்கிட்டே இருக்கும். கீழேயும் போகும், மேலேயும் போகும்.

அலைவரிசை
சராசரி என்று ஒன்று உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன முறை சார்ஜர் திரியிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். நான் வாட் சொன்னால் நீங்கள் ஆம்பியர் கேட்பீர்கள்.

கட்டெறும்பு
சார்ஜர் திரியில நான் சொன்னது சரி.

அலைவரிசை
சார்ஜர் திரி பூட்டப்பட்டதே உங்களால்தான்.

சும்மாசுந்தரி
மாமா, ஒரு சந்தேகம். நீங்க பேசுறப்போ வீடியோ ஆன்ல இருக்கா? பேரனைப் பாக்காம ஒரு மணி நேரம் பேசுற மாமாவை நான் பார்த்ததில்லை.

தூரத்துமாமா
அம்மணி, முதல் ரெண்டு நிமிஷம் மட்டும் முகம் பார்ப்போம். அப்புறம் வெறும் குரல்தான்.

அலைவரிசை
முடிந்தது! வீடியோ! ஒரு நிமிட வீடியோவுக்கே சில எம்பி போய்விடும். ரெண்டு நிமிடமென்று இவர் சொல்வதை அணைக்க மறந்த பத்து நிமிடம் என்று படியுங்கள். 80 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

தூரத்துமாமா
அணைக்க மறந்தேன்னு நீ பக்கத்துல நின்னு பார்த்தியா? உள்ளூர்ல மச்சினனோட பேசும்போதும் முகம் பார்த்துட்டுதான் பேசுறேன். அதுக்கு இவ்வளவு போறதில்லையே. அதுக்குப் பதில் சொல்லு.

சும்மாசுந்தரி
மச்சினன் முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீங்க? அதுவும் ஒரு கணக்குதானே.

அப்புறம், "அம்மணி" வேண்டாம். போன திரியிலயே சொன்னேன்.

தூரத்துமாமா
மரியாதையா கூப்பிட்டா அதுக்கும் குத்தமா? பேரு மட்டும் சும்மாசுந்தரின்னு வெச்சுக்கலாமாம்.

கட்டெறும்பு
ஒரு விஷயத்துல மாமா பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. பாக்கெட் தொலையுற இணைப்புல, தொலைஞ்சதை ஈடுகட்ட முந்தின துண்டோட மெலிசான நகலை அடுத்த பாக்கெட்லயும் சேர்த்து அனுப்பும் வசதி ஓபஸ்லயே இருக்கு. செயலிகள் அதுக்கு மேல தங்கள் பங்குக்கும் நகல் அனுப்பலாம். வெளிநாட்டுப் பாதையில நெரிசல் அதிகம்னா கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

தூரத்துமாமா
கேட்டுக்கோங்க, கேட்டுக்கோங்க! வெளிநாட்டுப் பாதையில கூடும். படிச்சவர் வாயாலயே வந்துடுச்சு. தூரம்னு நான் சொன்னேன், நெரிசல்னு இவர் சொல்றார். ரெண்டும் ஒண்ணுதான்.

கட்டெறும்பு
ஐயா, நான் மூணு மடங்குன்னு சொல்லலை.

அலைவரிசை
ரெண்டும் ஒன்று இல்லை. இழப்பு பெரும்பாலும் உங்கள் வீட்டு வைஃபையிலோ மொபைல் சிக்னலிலோ நடக்கிறது. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பேசினால் எதிர்வீட்டுக்காரரோடு பேசினாலும் இழப்புதான். கட்டெறும்பு, எரிகிற தீயில் ஏன் எண்ணெய் ஊற்றுகிறீர்கள்? இவர் நாளைக்கு இதையே குழுக்களில் பரப்பப் போகிறார், உங்கள் பெயரைப் போட்டு.

தூரத்துமாமா
போட்டாச்சு.

பழையஸ்கைப்பன்
இந்தக் காலப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. 2003ல் ஸ்கைப் வந்தபோதே இதெல்லாம் பார்த்தாயிற்று. அப்போது நம் கம்ப்யூட்டரையே மற்றவர்கள் பேச்சுக்கு வழிகாட்டும் முனையாக அது எடுத்துக்கொள்ளும். நாம் தூங்கினாலும் நம் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும். தூரத்துமாமா சொல்வது அந்த அனுபவமாக இருக்கலாம். என்ன இருந்தாலும் ஸ்கைப் தரம் எதற்கும் வராது. 2025 மே மாதம் மூடிவிட்டார்கள் பாவிகள்.

சும்மாசுந்தரி
அதோட தரமா? பாதி நேரம் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேட்கும்.

பழையஸ்கைப்பன்
உங்கள் மைக் மட்டமாக இருந்திருக்கும். சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஸ்கைப் அதைத் தாண்டிப்போன நாளில் அம்மா குரலில் மூச்சே கேட்டது. வாட்ஸ்அப்பில் காலே 2015ல்தான் வந்தது. வரலாறு தெரியாமல் எம்பி எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

அலைவரிசை
அய்யா ஸ்கைப்பரே, உங்கள் இரங்கற்பாவுக்குத் தனித் திரி இருக்கிறது. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. தூரம் டேட்டாவைக் கூட்டுமா? கூட்டாது.

பழைய ஐஎஸ்டி காலில் தூரத்துக்கும் நாட்டுக்கும் காசு கூடியது உண்மை. இங்கிருக்கும் நிறுவனம் அந்த நாட்டு நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு காலும் தனித்தனியாக எண்ணப்பட்டது. மாமாவின் தலையில் அந்த மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் அப்படிக் காலுக்குக் கால் கணக்குத் தீர்ப்பது கிடையாது. உங்கள் குரலும் பூனை வீடியோவும் ஒரே கேபிளில் ஒன்றாகத்தான் போகின்றன.

தீர்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் நெட்வொர்க் யூசேஜ். கால்களுக்கு அனுப்பியது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்று தனியாகக் காட்டும். அதை ரீசெட் செய்யுங்கள். வீடியோ இல்லாமல் உள்ளூருக்கு ஒரு மணி நேரம். படம் எடுத்துப் போடுங்கள். மறுபடி ரீசெட். வெளிநாட்டுக்கு ஒரு மணி நேரம். படம் போடுங்கள். முடிந்தது கதை.

தூரத்துமாமா
நான் ஏன் ரீசெட் பண்ணணும்? என் பழைய கணக்கெல்லாம் போயிடும். அதுதானே என் ஆதாரம். ஆதாரத்தை அழிக்கச் சொல்றார் பாருங்க, கெட்டிக்காரத்தனத்தை!

நீங்க பண்ணிக் காட்டுங்க.

அலைவரிசை
கூற்றை வைத்தவர் நீங்கள். நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

சும்மாசுந்தரி
அலைவரிசைக்கு வெளிநாட்டுல பேச ஆள் இல்லைன்னு நினைக்கிறேன். உள்ளூர்ல இருக்கறதும் சந்தேகம்.

அலைவரிசை
தனிப்பட்ட தாக்குதல். மட்டுறுத்துநர் கவனிக்க. என் கணக்குக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க.

கட்டெறும்பு
நான் சொன்னேன். 43.

நடுநிலைநாகம்
என்னைப் பொறுத்தவரை இரண்டு பேர் சொல்வதும் சரி. இலவசம்தான், ஆனால் டேட்டா போகும். டேட்டா போகும், ஆனால் இலவசம்தான். அதைவிட முக்கியம், சாதாரணப் போனில் நமக்குக் கால் வந்தால் எடுப்பவருக்குச் செலவில்லை. செயலியில் எடுப்பவருக்கும் டேட்டா போகும். அந்தப் பக்கம் வெளிநாட்டில் ரோமிங்கில் இருப்பவர் கதி என்ன? அதை ஏன் யாரும் பேசவில்லை?

அலைவரிசை
கேட்டது அதுவல்ல.

தூரத்துமாமா
பேசவே வேண்டாம். அது வேற விஷயம்.

சும்மாசுந்தரி
ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம். நாகத்துக்கு ஒரு விருது கொடுங்கப்பா.

பாலைவனப்பறவை
இங்கே எம்பிக்குச் சண்டை. அமீரகத்துல வருஷக்கணக்கா வாட்ஸ்அப் காலையே முடக்கி வெச்சிருந்தாங்க. எழுதலாம், பேச முடியாது. உரிமம் வாங்கின செயலிக்குக் காசு கட்டிப் பேசினோம். சவுதியில 2017ல இணையக் கால் மேல இருந்த தடையை எடுத்தப்போ அங்கே இருந்த நண்பர்கள் கொண்டாடினாங்க. எங்களுக்கு 36ம் 80ம் எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, கால் போனாப் போதும்.

பழையஸ்கைப்பன்
ஸ்கைப் இருந்தபோது...

பாலைவனப்பறவை
அதையும்தான் அண்ணே முடக்கினாங்க.

அலைவரிசை
தடை வேறு, டேட்டா வேறு. வாருங்கள் கேள்விக்கு. நேற்றிலிருந்து கேட்கிறேன். கிலோமீட்டர் எந்த வரியில் வருகிறது?

பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அனுப்புவதைக் குறைக்கும் வசதியும் ஓபஸில் உண்டு. அதைச் சேர்த்தால் 36 இன்னும் இறங்கும். நான் பெருந்தன்மையாக அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சும்மாசுந்தரி
மாமா பேசுற காலுக்கு அந்த வசதி தேவையே படாது. எடுக்காம விட்டது நியாயம்தான்.

தூரத்துமாமா
சிரிங்க, சிரிங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன்னா எதிர்ல கேக்க ஆள் இருக்குன்னு அர்த்தம். சிலருக்கு எம்பி மட்டும்தான் துணை.

என் போன் 80 காட்டுது. இப்பவும் காட்டுது.

அலைவரிசை
எத்தனை மணி நேரத்துக்கு 80? கடைசியாக எப்போது ரீசெட் செய்தீர்கள்? மொத்தக் கணக்கைப் படித்துவிட்டு ஒரு காலின் கணக்கு என்கிறீர்களா? படம் போடுங்கள்.

தூரத்துமாமா
படம் போட்டா அதுல இருக்கிற வேற கணக்கையும் பார்த்துட்டு அதுக்கு ஒரு திரி போடுவீங்க. எனக்குத் தெரியும் உங்களை.

மட்டுறுத்துநர்
சார்ஜர், ஸ்கைப், விளிச்சொல் தொடர்பான பதிவுகளை வேறு திரிக்கு நகர்த்த வேண்டியிருக்கும். தலைப்பில் இருங்கள். தனிநபர் கிண்டல் வேண்டாம்.

கட்டெறும்பு
நகர்த்தும்போது சார்ஜர் திரியையும் திறந்துவிடுங்க. அங்கே என் கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கு.

அலைவரிசை
மட்டுறுத்துநருக்கு நன்றி. புதிதாக வருபவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். 20, 8, 12, ஆக 40 பைட். நொடிக்கு 50 பாக்கெட்...

தூரத்துமாமா
80.