பால்வெட்டுக்காரர் வீட்டு அக்காவுக்கு மருத்துவ நிதி: பிரியாணி விற்றால் போதுமா?

மேல்புறம் பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். விளவங்கோடு தாலுகாவில் மேல்புறம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில், அதாவது மண்டலப் புற்றுநோய் மையத்தில், பார்க்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ ஓடுகிறது, அடுத்து ரேடியேஷன் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவர் கணவர் ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள்.

எங்கள் இளைஞர் மன்றத்தில் பிரியாணி சேலஞ்ச் நடத்தலாம் என்று பேச்சு. பாறசாலைப் பக்கம் பையன்கள் பாயசம், பிரியாணி எல்லாம் போட்டு நல்ல பணம் சேர்த்ததைப் பார்த்திருக்கிறோம். என் சந்தேகங்கள்: பணத்தை யார் கணக்கில் வாங்குவது? அக்காவின் போட்டோவை ஃபிளெக்ஸில் போடலாமா? மன்றத்துப் பெண்கள் சிலர் முடி தானம் செய்கிறோம் என்கிறார்கள், அது இவருக்கு உதவுமா? இதற்கு முன் செய்தவர்கள் சொல்லுங்கள்.

குவைத்வாசி:

தம்பி, பிரியாணியில் என்ன மிஞ்சும்? ஆன்லைனில் நிதி திரட்டும் தளத்தில் போடு. அக்காவும் பிள்ளைகளும் பேசுகிற மாதிரி ஒரு வீடியோ எடு. கொஞ்சம் கண்ணீர் இருந்தால்தான் ஷேர் ஆகும், உண்மையைச் சொல்கிறேன். ஐந்து லட்சம் டார்கெட் வை. இங்கே எங்கள் கேம்ப் குரூப்பில் நான் தள்ளிவிடுகிறேன்.

தையல்கடை அக்கா, களியக்காவிளை:

தம்பி, நான் தையல்கடை வைத்திருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற குழுவோடு பல வருஷமாகப் போய்வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குவைத் தம்பிக்கு. உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் அந்தக் கண்ணீர் வீடியோ வேண்டாம். கீமோவில் முடி உதிர்ந்து இருக்கிற பெண்ணை, நாளைக்கு அவள் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனில் பார்ப்பார்கள். நோய் குணமாகி பத்து வருஷம் கழித்து அந்த மகளுக்குக் கல்யாணம் பேசும்போதும் வீடியோ அப்படியே கிடக்கும். ஃபிளெக்ஸும் அதேதான். களியக்காவிளை ஸ்டாண்டில் தலைவர்கள் முகத்துக்கு நடுவில் இந்தப் பெண் முகமும் எதற்கு? "எங்கள் ஊர் சகோதரி ஒருவரின் சிகிச்சைக்காக" என்று போட்டால் போதும். மன்றத்தை நம்புகிறவர்கள் கொடுப்பார்கள். நம்பாதவர்கள் போட்டோ பார்த்தாலும் கொடுக்க மாட்டார்கள்.

இப்போது பணம். எதற்குப் பணம் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து கேட்டீர்களா? பெரும்பாலும் கேட்காமலேதான் அண்டாவைத் தூக்குகிறார்கள். வைத்தியச் செலவு ஒரு கணக்கு, வைத்தியத்துக்குப் போய்வருகிற செலவு இன்னொரு கணக்கு. முதலாவதற்கு ஏதாவது வழி உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் பதிய வேண்டும். நம்முடைய சிக்கல், அட்டை தமிழ்நாடு, ஆஸ்பத்திரி கேரளம். அக்காவுக்கு எழுதிய சிகிச்சைக்கு அட்டை அங்கே எடுக்குமா என்று ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கவுண்டரில் முதலில் கேளுங்கள். அதோடு பிரதமர் நிவாரண நிதிக்கு ஒரு மனு. ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீட்டுச் சான்றை வைத்து எம்.பி. கடிதத்தோடு அனுப்புவார்கள். பணம் ஆஸ்பத்திரிக்கே போகும். மனு எழுதத் தெரிந்த ஒரு பையன் உங்கள் மன்றத்தில் இருப்பான். அவன் இரண்டு நாள் அலைந்தால் இருநூறு பொதி பிரியாணிக்குச் சமம்.

இரண்டாவது கணக்கை எந்த அட்டையும் தொடாது. ரேடியேஷன் என்றால் வாரத்தில் ஐந்து நாள், அப்படிச் சில வாரம். விடியற்காலை வண்டி ஏறித் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் பஸ் பிடித்து, ராத்திரி திரும்பி, மறுநாளும் அதே. உடம்பு ஓய்ந்த பெண்ணால் முடியாது. பக்கத்தில் ரூம் எடுத்தால் வாடகை, சாப்பாடு. கூட நிற்பவர் பால்வெட்டுக்குப் போக முடியாது, அந்தக் கூலியும் போச்சு. இதற்குத்தான் ஊர்ப் பணம் வேண்டும். ஒரே நாளில் ஒரு லட்சம் கொட்டிவிட்டு மறந்துபோவதைவிட, நூறு வீடு மாதம் நூறு ரூபாய் என்று சிகிச்சை முடியும்வரை கொடுத்தால் அந்த வீடு மூச்சு விடும்.

பிரியாணி போடவே கூடாது என்று சொல்லவில்லை. போடுங்கள். ஆனால் கூப்பன் முதலில், அரிசி பிறகு. எத்தனை பொதிக்குப் பணம் வந்ததோ அத்தனைக்கு மட்டும் சமையுங்கள். கோழி, அரிசி, விறகு, பொதி இலை எல்லாம் போக எவ்வளவு கையில் நிற்கும் என்று எழுதிப் பார்த்துவிட்டு விலை வையுங்கள். எங்கள் பக்கம் ஒரு கூட்டம் விலையைக் குறைத்து வைத்து, கடைசியில் சமையல்காரருக்கே நன்கொடை கேட்டார்கள்.

கணக்கு: மன்றத்தில் ஒருவர், அந்த வீட்டு ஆள் ஒருவர், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் சொந்த ஜிபேயில் வாங்காதீர்கள், நீங்கள் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் சரி. பெரிய தொகை கொடுப்பவர் 80ஜி வரிவிலக்கு ரசீது கேட்பார். தனி ஆளுக்குப் பிரிக்கிற பணத்துக்கு அது கிடையாது, 80ஜி பதிவுள்ள டிரஸ்ட் கொடுத்தால்தான் உண்டு. அங்கேயும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முடி தானம். விக் செய்யக் கொடுக்கும் முடி பொதுவாக 12 அங்குலமாவது இருக்க வேண்டும், அதாவது 30 சென்டிமீட்டர். கொடுக்கட்டும், நல்ல காரியம். ஆனால் அது எங்கோ விக்காகி யாருக்கோ போகும். இந்த அக்காவுக்கு இந்த வெயிலில் விக் வைத்துக்கொள்ள முடியுமோ என்னவோ. மெல்லிய பருத்தித் துணியில் தொப்பி தைத்துக் கொடுத்தால் தினமும் போடுவார். தையல் உள்ளே தலையில் உரசாமல் திருப்பித் தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே என் தொழிலைப் பேச விடுங்கள், ஆண்பிள்ளைகள் யாரும் இதை யோசிக்க மாட்டார்கள். மார்பு ஆபரேஷனில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்பு உண்டு. அந்தக் கையில் ஊசி, ரத்த அழுத்தப் பட்டை, இறுக்கமான வளையல் எதையும் தவிர்க்கச் சொல்வார்கள். அப்படியிருக்க, பழைய ஜாக்கெட்டின் கை அங்கே கயிறு கட்டிய மாதிரி பிடிக்கும். நான் அந்தக் கையை மட்டும் அகலமாக வெட்டி, முன்பக்கம் ஹூக் வைத்துத் தைப்பேன். கையைத் தூக்க முடியாதவர்களுக்குத் தலைவழியாகப் போடுகிற நைட்டி ஆகாது, முன்பக்கம் முழுக்கத் திறக்க வேண்டும். காயம் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, உள்பாடியில் பை வைத்து அதற்குள் பருத்தித் திண்டு செய்து கொடுப்பேன். கடையில் சிலிக்கானில் கிடைக்கிறது, விலை நம்மால் ஆகாது. ரேடியேஷன் ஓடும்போது இறுக்கமாக எதுவும் வேண்டாம், அந்த இடத்தில் பவுடர் போட வேண்டாம், மையில் போட்ட அடையாளத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம். இப்படித் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி சர்ச்சுக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தவள் நான். அதை எந்த நிதிக் கணக்கில் எழுதுவது?

கடைசியாக ஒன்று. ஊரே திரண்டு ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். கீமோ எடுப்பவருக்கு வெள்ளையணு குறைந்திருக்கும், உங்கள் வீட்டுச் சளி அவருக்குப் பெரிய வியாதி. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணிக்கு யார் வண்டி எடுப்பது என்று உங்கள் மன்றத்தில் முறை போட்டு, போன் எண்களை எழுதி அவர்கள் அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். பைக் வேண்டாம், கார் அல்லது ஆட்டோ.

குவைத்வாசி:

அக்கா, வீடியோ விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆன்லைன் தளத்தையே விட்டுவிடுவது சரியில்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் பிரியாணிப் பொதி வாங்க முடியாதே. மாதம் நூறு ரூபாய் என்றால் நான் இங்கிருந்து பத்துப் பேரைச் சேர்த்துவிடுகிறேன், கணக்கு எண் மட்டும் தரட்டும்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

நாங்கள் பாலக்காட்டுத் தமிழர்கள். எங்கள் பக்கம் பிரைவேட் பஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நோயாளிக்காக ஒரு நாள் முழுக்க ஓட்டி, அன்றைய வசூலை அப்படியே கொடுத்துவிடுவார்கள். அன்று டிக்கெட் கிழிக்காமல் கண்டக்டர் பக்கெட்டை நீட்டுவார். பத்து ரூபாய் தூரத்துக்கு ஐம்பது போடுகிறவர்கள் உண்டு. மிச்சம் கேட்கிறவர்களும் உண்டு, அவர்களையும் குறை சொல்ல முடியாது. உங்கள் ஊரில் மினி பஸ் ஓடினால் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

தையல்கடை அக்கா சொன்ன மாத நூறு ரூபாய் யோசனை கேரளத்தில் நன்றாக வேலை செய்த ஒன்று. 1993இல் கோழிக்கோட்டில் வலிநிவாரண சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, சில்லறையாகப் பணம் சேர்த்து, நர்ஸோடு வீடுகளுக்குப் போகிற முறை. 2008இல் மாநில அரசு அதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். உங்கள் பக்கம் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் இந்த வீட்டுப் பராமரிப்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ரேஷன் கார்டுதான் முடிவு செய்யும்.

அப்புறம், இளைஞர்கள் என்பதால் சொல்கிறேன், ரத்தம். கீமோவில் தட்டணு (பிளேட்லெட்) இறங்கினால் அவசரமாகத் தேவைப்படும். எடுத்த தட்டணுவை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும், அதனால் முன்கூட்டியே முகாம் போட்டுச் சேர்த்துவைக்க முடியாது. ஆள் தயாராக இருக்க வேண்டும். சாதாரண ரத்ததானத்துக்கு ஆண்கள் 90 நாள் இடைவெளி விட வேண்டும். இயந்திரத்தில் தட்டணு மட்டும் பிரித்துக் கொடுத்தால் 48 மணி நேரத்தில் திரும்பக் கொடுக்கலாம். மன்றத்தில் யார் என்ன குரூப் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே பெரிய உதவி. இந்த அக்காவுக்குத் தேவைப்படாவிட்டால் பக்கத்துப் படுக்கையில் ரத்தப் புற்றுநோயோடு ஒரு குழந்தை இருக்கும்.

நாளைக்குச் சென்னை அடையாறுக்கோ வேலூருக்கோ போகச் சொன்னால், ரயில் சலுகையை மறக்க வேண்டாம். ஆஸ்பத்திரி தரும் படிவத்தைக் கவுண்டரில் கொடுத்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழு இலவசம், கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. உங்கள் குழித்துறையிலேயே அனந்தபுரி நிற்கிறதே.

மேல்புறம் பையன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன், வாசல் திண்ணையோடு நின்றேன். தையல்கடை அக்கா சொன்னது சரிதான். அந்த அண்ணன் மருந்துச் செலவைப் பற்றிப் பேசவே இல்லை. ரேடியேஷன் நாட்களில் ரூமுக்கு என்ன செய்வது, பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவது, இந்த இரண்டையும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளை எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டார். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்றதும் மன்றத்தில் இரண்டு பேருக்குக் கோபம். அவர்கள் பெயர் போட முடியாது இல்லையா, அதுதான் காரணம். பிரியாணி கூப்பன் முறையில் உண்டு. காப்பீட்டுக் கவுண்டரில் கேட்க திங்கள்கிழமை ஒருவன் போகிறான். குவைத் அண்ணே, கூட்டுக் கணக்கு தொடங்கியதும் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அந்த ஜாக்கெட் விஷயத்தை அம்மா எங்கள் தெரு அக்காவிடம் சொன்னாராம், தைக்க வேண்டும் என்று ஆசையாகக் கேட்டாராம். அளவெடுக்க நேரில் வர அவரால் முடியாது. என்ன செய்யலாம்?

தையல்கடை அக்கா, களியக்காவிளை:

பழைய அளவு ஜாக்கெட் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அது உடம்புக்கு மட்டும். இரண்டு கையிலும் முழங்கைக்கு மேலே சுற்றளவை டேப்பில் எடுத்து அம்மாவையே எழுதச் சொல்லுங்கள், இடது எது வலது எது என்று குறித்து. ஒரு கைக்கும் மறு கைக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தால் தையலுக்கு முன்னால் டாக்டரிடம் காட்டட்டும், அது வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம். துணி பருத்தியாகவே இருக்கட்டும், கூலி வேண்டாம். ஜாக்கெட்டை அம்மா கையில் கொடுத்தனுப்புங்கள் தம்பி, நீங்கள் கொண்டுவர வேண்டாம். ஞாயிறு கடை கிடையாது.