கலைச்சொல் இழை: துருநீக்கியா, துருமாற்றியா, துருக்கட்டியா?

கோட்டையூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் உடலைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். வேலையோடு வேலையாகத் தமிழில் ஒரு கையேடும் எழுதுகிறேன். பழைய கார் நிற்கிற வீடுகள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கின்றன. தகடு தட்டத் தெரிந்த டிங்கர்கள்தான் அருகிவிட்டார்கள்.

வீட்டில் வைத்து வேலை பார்க்க ஹெரால்டு தோதான வண்டி. 1959இல் இங்கிலாந்தில் திரயம்ப் வெளியிட்டது, இத்தாலியரான மிக்கெலாட்டி வரைந்த உருவம். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்தது. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடல். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். துண்டு துண்டாகக் கழற்றித் திண்ணையில் வைத்துத் தேய்க்கலாம். வீட்டில் யாரும் திட்டாமலிருந்தால் சரி.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். கடையில் துருவுக்கென்று இரண்டு வகைத் திரவம் விற்கிறது. ஒன்று துருவைக் கரைத்து எடுத்துவிடும். பூசி, ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, ஈரம் போக உடனே உலர்த்தி, தாமதிக்காமல் ப்ரைமர் அடிக்க வேண்டும். மற்றது துருவை அந்த இடத்திலேயே வேறு பொருளாக்கி நிறுத்திவிடும். அதைப் பூசிவிட்டு அப்படியே காயவிட வேண்டும். செய்முறை நேர் எதிர். ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டையும் ‘துருநீக்கி’ என்றே எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவன் இரண்டாவதைக் கழுவிவிட்டால் காசும் போச்சு, தகடும் போச்சு.

முதலாவதற்குத் துருநீக்கி இருக்கட்டும். இரண்டாவதற்கு என்ன பெயர் வைக்கலாம்? என்னிடம் மூன்று இருக்கின்றன: துருமாற்றி, துருவடக்கி, துருக்கட்டி. எனக்குப் பிடித்தது மூன்றாவது. சித்த மருத்துவத்தில் பாதரசத்தை இறுக்கித் திடமாக்குவதை ரசத்தைக் கட்டுவது என்பார்களே, அந்தப் பொருளில்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, பட்டறையில இது ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பேருதான், ஆசிட். ‘ஆசிட் அடிச்சாச்சா’ன்னு கேட்டா எல்லாம் அதுல அடக்கம். நீங்க புஸ்தகம் எழுதுறீங்க, பிரிச்சுத்தான் ஆகணும், ஒத்துக்கிறேன்.

ஆனா மருந்துக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி நோய்க்குப் பேர் வைங்க. துரு எல்லாம் ஒரே துரு இல்ல. கையால தடவுனா செம்மண்ணாட்டம் ஒட்டுறது ஒண்ணு. அது உப்புத்தாள் போட்டாலே போயிரும். அடுத்தது பொருக்குத் தட்டுறது. பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கும், உளி வச்சுத் தட்டுனா ஏடு ஏடா வரும். உள்ள தகடு இன்னும் இருக்கும், ஆனா குழிகுழியா இருக்கும். உங்க பாட்டில் மருந்து ரெண்டும் இந்தக் கட்டத்துக்குத்தான். மூணாவது, இத்துப்போனது. ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்துனா உள்ள போயிரும். சுத்தியல வச்சு லேசாத் தட்டுங்க, நல்ல தகடு கிண்ணுன்னு கேக்கும், இத்தது சொத்துன்னு கேக்கும். அதுக்கு மருந்தே கிடையாது. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சுப் பத்தணும், அதான் வெல்டிங்.

எங்கிட்ட வர்ற வண்டியில பாதிக்கு மேல இத்த இடத்துல மருந்தை ஊத்தி, மேல குழியை நிரப்புற பட்டியை அப்பி, பெயின்ட் அடிச்சு வித்த வண்டிதான். ரெண்டு மழைக்காலத்துல உரிஞ்சு விழுந்துரும். பட்டி தண்ணி குடிக்கும்ங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது. பழைய வண்டி வாங்கப் போறவங்க மெல்லிசுத் துணியில காந்தத்தைச் சுத்திக் கதவுக்கு அடியிலயும் சக்கரத்துக்கு மேல வளைவுலயும் வச்சுப் பாருங்க. பட்டி கனமா இருக்கிற இடத்துல காந்தம் பிடிக்காது.

புஸ்தகத்துல ‘துளைத்துரு’ன்னு எல்லாம் எழுதிராதீங்க அண்ணே. ஓட்டை தெரியிறதுக்கு ரொம்ப முன்னாடியே தகடு இத்திருக்கும்.

காரைக்குடியிலிருந்து:

தம்பிக்கு, வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர் எழுதுகிறேன்.

பட்டறைக்காரத் தம்பி சொல்வதுதான் சரியான வரிசை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பாட்டில்.

இரண்டாவது வகைத் திரவங்களில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அல்லது டானிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் இரண்டும். பாஸ்பாரிக் அமிலம் துருவோடு சேர்ந்தால் இரும்பு பாஸ்பேட் உண்டாகும். சாம்பல் நிறம், தண்ணீரில் கரையாது. டானிக் அமிலம் சேர்ந்தால் இரும்பு டானேட், நீலங்கலந்த கருப்பு. இந்த இரண்டாவது வினை நமக்குப் புதிதில்லை. கடுக்காயில் இருப்பது டானின்தான். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) சேர்த்தால் கருத்து மையாகும். கடுக்காய் மை என்று எழுதப் பயன்பட்டது அதுதான். நம் ஊர் வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் விட்டார்கள். அதே தண்ணீரைத் துருப்பிடித்த ஆணிமேல் ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் கருப்பாவதைப் பார்க்கலாம். (காருக்கு இதை ஊற்றிவிடாதீர்கள். கடை மருந்தில் படலம் கட்டும் பிசினும் இருக்கும், அதுதான் காற்றையும் ஈரத்தையும் தடுப்பது.)

இதில் பெயருக்கு உதவும் ஒரு செய்தி இருக்கிறது. இந்தத் திரவம் வேலைசெய்யத் துரு வேண்டும். பளபளவென்று தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிய தகட்டில் டானின் பூசினால் அதற்கு மாற்ற ஒன்றும் இல்லை. உதிரும் பொருக்கைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு, ஒட்டியிருக்கும் துருவை விட்டுவைத்துத்தான் பூச வேண்டும். ஆகவே அது துருவை நீக்கவும் இல்லை, அடக்கவும் இல்லை. ஒரு சேர்மத்தை இன்னொரு சேர்மமாக மாற்றுகிறது. துருமாற்றி என்பதே சரி. மின்மாற்றியில் மின்சாரம் இல்லாமல் போய்விடுவதில்லை, அழுத்தம் மாறுகிறது. அந்த ‘மாற்றி’ ஏற்கனவே வாயில் பழகியிருக்கிறது.

துருக்கட்டி வேண்டாம். ‘ரசக்கட்டு’ தெரிந்தவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் சோப்புக்கட்டி, வெல்லக்கட்டி போலத் துருவால் ஆன கட்டி என்றுதான் படிப்பார்கள்.

இன்னொன்று. துரு, அரிமானம் இரண்டையும் கையேட்டில் கலக்காதீர்கள். அரிமானம் எல்லா உலோகத்துக்கும் பொது, துரு இரும்புக்கு மட்டும். 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. அரிமானம் அங்கே முக்கியமான ஆய்வுத் துறை, கடற்காற்றில் உலோகத்தைச் சோதிக்க, ராமேசுவரத்துக்கு முந்திய மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் எழுதும் கையேட்டில் இந்த இரண்டு சொல்லும் குழம்பினால் எனக்குத்தான் வெட்கம்.

டொரண்டோவிலிருந்து:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில.

நாங்கள் துருவைக் கறள் எண்டுதான் சொல்லுறது. ‘கறள் கட்டினது’ எண்டால் துருப்பிடிச்சது எண்டு அர்த்தம். அப்ப துருக்கட்டி எண்டு நீங்கள் எழுதினால், எங்களுக்கு அது துருவை உண்டாக்கிற சாமான் மாதிரிக் கேக்கும்! டீச்சர் சொன்ன துருமாற்றிக்கு என்ர வாக்கு. இஞ்ச குளிர்காலத்தில றோட்டுக்கு உப்புப் போடுறவை. காரின்ர அடித்தகடுகள் உங்கட ஊரில இருக்கிற மாதிரி ஐம்பது அறுபது வருசம் நிக்காது.

கோட்டையூரிலிருந்து:

யாழ்ப்பாணத்து நண்பரின் மடல் வந்த பிறகு துருக்கட்டியைக் காப்பாற்ற வழியில்லை. எடுத்துவிட்டேன். துருமாற்றி என்றே கையேட்டில் போகிறது. பாட்டிலுக்கான சீட்டில் ‘துருநீக்கி: கழுவு’, ‘துருமாற்றி: கழுவாதே’ என்று பெரிய எழுத்தில். டீச்சர் சொன்னபடி, துருமாற்றி பூசும் இடத்தைப் பளிச்சென்று தேய்க்கக் கூடாது என்பதும் சேர்கிறது.

நோயின் பெயர்களில் முதல் இரண்டும் எளிது: மேல்துரு, பொருக்கு. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஸ்பாட் வெல்டிங் போட்டிருக்கும் விளிம்புகளில் பொருக்கின் சேட்டையைப் பார்க்கலாம். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகட்டையும் ஆப்புப் போலப் பிளந்து தள்ளும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாத இடம் அது.

மூன்றாவதற்கு ‘இற்ற தகடு’ என்று எழுதலாம் என்றிருக்கிறேன். இத்துப்போச்சு என்று பட்டறையில் சொல்வது இற்றுப்போயிற்று என்பதன் பேச்சு வடிவம்தான். பழைய சொல். மயிலிறகை மிகுதியாக ஏற்றினாலும் வண்டியின் அச்சு ‘இறும்’ என்று குறளிலேயே வருகிறது. வண்டிக்கும் இந்தச் சொல்லுக்கும் அவ்வளவு நாள் உறவு. பொருளும் கச்சிதம்: ஓட்டை விழுந்ததைச் சொல்லவில்லை, தாங்கும் வலு போனதைச் சொல்கிறது.

அந்த வலுதான் இங்கே கேள்வி. ஹெரால்டில் கதவுக்குக் கீழே ஓடும் பக்கத்தகடு போல்டில் நிற்பது, உடலைத் தாங்குவது சேசிஸ். அது இற்றால் கழற்றி வேறு மாட்டலாம். ஆனால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் இற்றிருந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. அம்பாசடர் வேறு கதை. அது மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு, தனிச் சேசிஸ் இல்லை, கதவுக்குக் கீழுள்ள அந்தப் பெட்டித் தகடே முதுகெலும்பு. அங்கே இற்றிருந்தால் வெட்டுவதற்கு முன் உடலுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, கதவு இடைவெளி மாறாமல் குறுக்குச் சட்டம் வைத்துப் பற்ற வேண்டும். இல்லையென்றால் அப்புறம் கதவு மூடாது. இதை வீட்டில் செய்யாதீர்கள் என்றே எழுதப்போகிறேன்.

தேவகோட்டைத் தம்பி, பத்து வைக்கும் பகுதியை ஒருமுறை பார்த்துக்கொடு. இப்படி எழுதியிருக்கிறேன்: இற்றதைத் தாண்டி நல்ல தகடு வரும்வரை வெட்டு. 20 கேஜ் தகடு எடு. துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், பற்றும்போது வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பேட்டரி வயரைக் கழற்று, பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வை. ஒரே இழுப்பில் பற்றாதே, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வை, தகடு சூட்டில் நெளியும்.

தேவகோட்டையிலிருந்து:

எல்லாம் சரி அண்ணே. சீட்டுக்கு அடியில இருக்கிற பஞ்சு, தரை விரிப்பு, அதையும் எடுக்கச் சொல்லுங்க, பொறி விழுந்தா பிடிச்சுக்கும். பக்கத்துல ஒரு வாளித் தண்ணியும் ஈரச் சாக்கும். பத்து வச்ச பிறகு உள்பக்கத்துக்கும் ப்ரைமர் போகணும், கை எட்டாத இடத்துக்கு மெழுகு பீய்ச்சணும். கதவுக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டையைப் பெயின்ட் அடைச்சிருக்கும், கம்பி விட்டுக் குத்தித் திறக்கணும். முக்காவாசிக் கதவு இத்துப்போறதே அதனாலதான்.

அப்புறம், தலைப்புல ‘இற்ற தகடு’ன்னு போட்டுக்கங்க. உள்ள படத்துக்குப் பக்கத்துல ‘இத்த இடம்’னே எழுதுங்க. என் பையன் அதைத்தான் படிப்பான்.

காரைக்குடியிலிருந்து:

இரண்டும் இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை. பட்டிக்கு மட்டும் ‘நிரப்புப் பசை’ என்று யாராவது கிளம்பினால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பட்டி பட்டியாகவே இருக்கட்டும்.