10 மீட்டர் பேண்டில் விஸ்பர் பீக்கனின் அதிர்வெண் நகர்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். அதிர்வெண் உண்டாக்கும் எஸ்ஐ5351 சிப்பும் ஆர்டுயினோ போர்டும் வைத்து 200 மில்லிவாட் விஸ்பர் (WSPR) பீக்கன் ஒன்று செய்திருக்கிறேன். குறைந்த பவரில் தானாகச் சிக்னல் அனுப்பும் ஹாம் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இது. 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) பிரச்சினையே இல்லை. இரவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியுள்ள ரிசீவர்களிலும் பதிவாகிறது. டார்ச் பல்புக்கே போதாத பவர் இது!

10 மீட்டருக்கு (28 மெகாஹெர்ட்ஸ்) மாற்றினால்தான் தகராறு. பத்து முறை அனுப்பினால் ஒன்றிரண்டு பதிவாகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் ரிசீவர் வைத்துப் பார்த்தேன். வாட்டர்ஃபாலில், அதாவது நேரத்தோடு அதிர்வெண்ணைக் காட்டும் திரையில், கோடு நேராக இல்லாமல் சாய்ந்து இறங்குகிறது. ஒரு முறை அனுப்பும் 110 விநாடிக்குள் 5 ஹெர்ட்ஸ் போய்விடுகிறது. சிக்னலின் அகலமே 6 ஹெர்ட்ஸ்தானே!

நேரம் சரியாகத்தான் இருக்கிறது. ஜிபிஎஸ் போட்டிருக்கிறேன், இரட்டைப்படை நிமிடம் பிறந்து 1 விநாடியில் கிளம்பிவிடும். தேவையற்ற உயர் அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரும் 10 மீட்டருக்கு மாற்றியாயிற்று. எனக்குச் சந்தேகம் சிப்பின் அதிர்வெண்ணுக்கு ஆதாரமான கிரிஸ்டல் மேல்தான். பவர் ட்ரான்சிஸ்டர் அதிலிருந்து அரை அங்குலத்தில் இருக்கிறது, தொட்டால் சுடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் 1 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் 28இல் 4 ஆகிவிடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆஸிலேட்டர்) போட்டுச் சரிசெய்தவர்கள் யாராவது உண்டா? இல்லை, ட்ரான்சிஸ்டரைத் தள்ளி வைத்து, கிரிஸ்டலைத் தெர்மோகோலால் மூடினாலே போதுமா? ஜிபிஎஸ் விநாடிக்கு ஒன்றாகத் தரும் துடிப்பை வைத்து, அனுப்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அதிர்வெண்ணைத் திருத்தலாம் என்கிறார் ஒரு நண்பர். ஆனால் சுற்றுக்கு நடுவே நகர்வதற்கு அது என்ன செய்யும்?